மலையேறும் வண்டிக்கு மாற்று இன்ஜெக்டர்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

நீலகிரியில் கடை வைத்திருக்கும் நமக்குக் கல்லாப் பெட்டிக்கு அடுத்தபடியாக முக்கியமானது வண்டி. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, சோப்பு என்று நாம் விற்கும் சரக்கில் பெரும்பகுதி மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏறி வர வேண்டும். கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ், தேயிலை எல்லாம் கீழே இறங்கிப் போக வேண்டும். சொந்தமாக ஒரு மினி லாரியோ பிக்-அப் வண்டியோ வைத்திருக்கும் வியாபாரிகள் நம்மிடையே நிறைய உண்டு.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மேட்டுப்பாளையம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், உதகை சுமார் 2,240 மீட்டர். 50 கிலோமீட்டர் சொச்ச தூரத்துக்குள் இவ்வளவு உயரத்தையும் மூட்டைகளோடு ஏறி முடிக்க வேண்டும். குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ஓடும் வண்டி ஒரு மாதத்தில் படாத பாட்டை நம் வண்டியின் எஞ்சின் ஒரு வாரத்தில் படுகிறது.

இப்படி ஓடும் வண்டி ஒரு நாள் புகை தள்ளும், இழுக்காது, டீசலைக் குடிக்கும். பட்டறைக்குக் கொண்டு போனால், "இன்ஜெக்டர் போயிடுச்சு அண்ணாச்சி, மாத்திடலாம்" என்று சொல்வார்கள். சில சமயம் அது உண்மை. பல சமயம் அது அவசர முடிவு. உண்மையாகவே மாற்ற வேண்டியிருந்தாலும், எதை வாங்குவது என்பதில் தவறினால் ஒரு நாசிலில் மிச்சம் பிடித்த பணம் பிஸ்டனில் போய்விடும். ஆகவே வண்டி வைத்திருக்கும் வணிகர் தாமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இன்ஜெக்டர் செய்யும் வேலை என்ன?

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல் தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை மிக அழுத்தமாக நெருக்கினால் அது பழுக்கச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய தத்துவம் இது. ஆரம்ப எஞ்சின்களில் டீசலைத் தெளிக்கத் தனியாகக் காற்று அமுக்கி தேவைப்பட்டது. அதனால் எஞ்சின் மிகப் பெரிதாக இருந்தது. 1927-இல் ராபர்ட் போஷ் நிறுவனம் டீசல் பம்புகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் டீசல் எஞ்சின் லாரிகளில் பரவலானது. அந்த நிறுவனத்தின் கூட்டோடு 1951-இல் தொடங்கப்பட்டதுதான் நாம் "மைக்கோ" என்று அழைத்துப் பழகிய நிறுவனம். 2008 முதல் அதன் பெயர் போஷ் லிமிடெட். பெயர் மாறிய பிறகும் பழைய மெக்கானிக்குகள் வாயில் அது இன்னும் மைக்கோ நாசில்தான்.

பழைய வகை வண்டிகளில் பம்பு டீசலை அளந்து, அழுத்தி அனுப்புகிறது. இன்ஜெக்டர் அதைப் பனிப்படலம் போலத் தெளிக்கிறது. அளப்பது பம்பு, தெளிப்பது இன்ஜெக்டர். இன்ஜெக்டரின் நுனியில் இருப்பதுதான் நாசில். அதற்குள் ஓர் ஊசி, அதை அழுத்திப் பிடிக்க மேலே ஒரு ஸ்பிரிங். டீசல் அழுத்தம் ஸ்பிரிங்கை வென்றதும் ஊசி எழும்பும், டீசல் பீறிடும், உடனே ஊசி மூடிக்கொள்ளும். ஊசிக்கும் அது உட்கார்ந்திருக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு முதல் நான்கு மைக்ரான்தான். நம் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்று நினைத்துப் பார்த்தால் எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது விளங்கும். ஒரு கூட்டுக்கென்று தேய்த்துப் பொருத்திய ஊசி இன்னொரு கூட்டுக்கு ஆகாது. அழுக்கும் தண்ணீரும் இதற்கு எமன் என்று சொல்வதும் இதனால்தான்.

புகை வந்தால் இன்ஜெக்டர்தான் காரணமா?

மலையில் இருக்கும் நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காற்றைப் பற்றி. உதகையில் காற்றழுத்தம் கடற்கரை ஊர்களில் இருப்பதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான். டர்போ இல்லாத பழைய எஞ்சின் உறிஞ்சும் காற்றும் அந்த அளவுக்குக் குறைகிறது. பம்பு மட்டும் சமவெளியில் கொடுத்த அதே அளவு டீசலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எரிக்கக் காற்று போதாமல் மிஞ்சும் டீசல் கரும்புகையாகப் போகும். 300 அடி ஏறினால் நூற்றுக்கு ஒரு பங்கு சக்தி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் உதகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழுவை குறைவது இயற்கை. அது நாசிலின் குற்றம் அல்ல.

ஆகவே வண்டி உங்களுக்குச் சொல்லும் சேதியைச் சரியாகப் படிக்க வேண்டும்:

1. மேட்டுப்பாளையம், காரமடைச் சமவெளியில் பாரத்தோடு ஓடும்போது சுத்தமாக ஓடி, குன்னூர் தாண்டிய பிறகு மட்டும் கரும்புகை தள்ளினால், முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். தூசி அடைத்த ஏர் ஃபில்டர், ஏற்கெனவே குறைவாக இருக்கும் காற்றை இன்னும் குறைத்துவிடும். டர்போ வண்டியானால் ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

2. சமவெளியிலும் அதே கரும்புகை, கூடவே எஞ்சினில் "டக் டக்" என்ற தட்டல் சத்தம், ஒரு சிலிண்டர் விட்டு விட்டு வேலை செய்வது போன்ற மிஸ்ஸிங் இருந்தால் இன்ஜெக்டர் மேல் சந்தேகப்படலாம்.

3. மார்கழி, தை உறைபனிக் காலத்தில் காலையில் கிளப்பியதும் வெண்புகை வந்து சில நிமிடங்களில் நின்றால் கவலை வேண்டாம். எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை வந்தால், எரியாத டீசல் வெளியேறுகிறது என்று பொருள். சொட்டும் நாசில், தவறிய பம்பு டைமிங், குறைந்த கம்ப்ரஷன் ஆகியவற்றில் எதுவானாலும் இப்படி வரும்.

4. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. இதற்கும் இன்ஜெக்டருக்கும் சம்பந்தம் இல்லை.

5. டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போய், டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலைக் கரைக்கிறது. அப்படியே மலையேறினால் பேரிங் போய்விடும்.

முதலில் சோதனை, பிறகு செலவு

பழைய வகை பம்பு உள்ள வண்டிகளில் எளிமையான ஒரு சோதனை உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, பம்பின் பக்கமுள்ள டீசல் பைப் நட்டை ஒவ்வொரு சிலிண்டருக்காக மெக்கானிக் தளர்த்திப் பார்ப்பார். நல்ல சிலிண்டரானால் சத்தம் உடனே தடுமாறும். எந்த சிலிண்டரின் பைப்பைத் தளர்த்தியும் மாற்றம் தெரியவில்லையோ, அதில்தான் கோளாறு. அந்த இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி இன்ஜெக்டர். பழைய சிலிண்டரிலேயே தங்கிவிட்டால் வால்வு, ரிங், பம்பு ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஒரு மணி. செலவு ஒரு தேநீர் செலவுக்குச் சற்றுக் கூடுதல்.

எச்சரிக்கை: புதிய காமன் ரயில் வண்டிகளில் இந்த வேலையை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்தக் குழாய்களில் ஆயிரம் கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்தியது போல் தெரிந்தாலும் உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் கை கழுவிவிட்டு வேலையைத் தொடராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்ஜெக்டரைக் கழற்றியதும் பம்பு சர்வீஸ் கடையில் நாசில் டெஸ்டரில் வைத்து நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள். எத்தனை கிலோ அழுத்தத்தில் திறக்கிறது; தெளிப்பு எல்லாத் துளையிலும் சீராக, மூடுபனி போல் வருகிறதா; திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே பிடித்து வைத்தால் நுனி பத்து விநாடியாவது ஈரமாகாமல் இருக்கிறதா; ஊசியைத் தாண்டிப் பின்பக்கம் அளவுக்கு மீறிக் கசிகிறதா. இந்தச் சோதனை நடக்கும்போது நீங்களோ உங்கள் டிரைவரோ பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. ஆனால் தெளிப்பின் முன்னால் கையை நீட்ட வேண்டாம்.

திறக்கும் அழுத்தம் மட்டும் குறைந்திருந்தால் ஷிம் வைத்தோ ஸ்குரூவைத் திருகியோ சரிசெய்துவிடலாம். புது நாசில் தேவையில்லை. கரி பிடித்திருந்தால் சுத்தம் செய்து மறுபடி சோதிக்கலாம். நுனி சொட்டினாலோ பின்கசிவு அதிகமானாலோதான் நாசிலை மாற்ற வேண்டும்.

உங்கள் வண்டி எந்த வகை?

மாற்று நாசில் வாங்கும் முன் வண்டி எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். நம்மிடம் ஓடும் வண்டிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பழைய லாரிகள். 1986-இல் வந்த டாடா 407-இன் ஆரம்ப மாடல்கள், பழைய லேலண்ட் லாரிகள் போன்றவை. இவற்றில் டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் உள்ள குழிக்குள் தெளிக்கப்படும். பல துளை நாசில். சுமார் 200 கிலோவை ஒட்டிய அழுத்தத்தில் திறக்கும்.

இரண்டாவது, துணை அறை எஞ்சின்கள். 2005-இல் வந்த முதல் டாடா ஏஸ் இந்த வகை. சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதற்குள் தெளிப்பு. இதற்கு முனையில் ஒரே துளையும் அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியும் கொண்ட பின்டில் நாசில். இது குறைந்த அழுத்தத்திலேயே திறக்கும்.

மூன்றாவது, காமன் ரயில் வண்டிகள். 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவையும், 2020 ஏப்ரல் முதல் வந்துகொண்டிருக்கும் பி.எஸ். 6 டீசல் சரக்கு வண்டிகளும் இதில் சேரும். இவற்றில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் எப்போதும் உயர் அழுத்தத்தில் நிற்கும். எப்போது, எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் மின்சாரம் மூலம் கட்டளையிடும். முதல் இரண்டு வகைக்குப் பொருந்தும் பட்டறை வைத்தியம் எதுவும் இதற்குப் பொருந்தாது.

கண்ணால் பார்த்து அல்ல, எண் பார்த்து வாங்குங்கள்

இரண்டு நாசில்களைப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் துளைகளின் எண்ணிக்கை, விட்டம், சாய்வு, ஊசி எழும்பும் உயரம் எல்லாம் வேறுபடலாம். லாரி நாசில் துளையின் விட்டம் கால் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கண்ணால் எடை போட முடியாது. நாசில் உடம்பில் பொறித்துள்ள எண்தான் அதன் ஜாதகம்.

உதாரணமாக, பல துளை நாசில்களில் "டி.எல்.எல்.ஏ." என்று தொடங்கி 150 என்று ஓர் எண் வரும். அந்த 150 என்பது தெளிப்பு விரியும் கோணம். அதற்குப் பின் வரும் எழுத்தும் எண்ணும் அளவையும் வகையையும் குறிக்கும். பின்டில் நாசில்களில் "டி.என். 0 எஸ்.டி." என்று தொடங்கும். கோணம் 150 இருக்க வேண்டிய இடத்தில் 140 போட்டால் தெளிப்பு பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடத்தில் விழாது. புகையும் சூடும் கூடும். நாளடைவில் பிஸ்டன் தலை பொரிந்துவிடும்.

"அதே எஞ்சின்தான், அதே நாசில்தான்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிட வேண்டாம். ஒரே எஞ்சினில் டர்போ உள்ளதற்கும் இல்லாததற்கும் நாசில் வேறு. பி.எஸ். 3, பி.எஸ். 4 என்று புகை விதி மாறியபோதும் பல எஞ்சின்களில் நாசில் மாறியது. ஆகவே கடைக்குப் போகும்போது மூன்றை எழுதிக் கொண்டு போங்கள்: எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், பழைய நாசிலிலும் ஹோல்டரிலும் உள்ள எண். முன்பே யாரோ தவறான நாசில் போட்டிருக்கக் கூடும். எனவே பழைய எண்ணை மட்டும் நம்பாமல், கம்பெனி பார்ட்ஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காமன் ரயில் இன்ஜெக்டரில் இன்னொரு விஷயம் சேர்கிறது. தயாரிக்கும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டரையும் சோதித்து, அதன் தெளிப்பில் உள்ள சிறு வித்தியாசத்தைக் குறியீடாக அதன் தலையில் அச்சிட்டிருப்பார்கள். புதியதைப் பொருத்தியதும் அந்தக் குறியீட்டை ஸ்கேனர் மூலம் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் புது இன்ஜெக்டர் போட்டும் வண்டி தட்டும், புகையும். ஸ்கேனர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பெரிய துளை போட்டால் வண்டி இழுக்குமா?

மலைப் பாதையில் இழுவை போதவில்லை என்று சொன்னால், பெரிய துளை நாசில் போடுவதாகவோ, பம்பில் டீசலைக் கூட்டிவிடுவதாகவோ சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. சமவெளியில் இரண்டு நாள் வண்டி பறப்பது போல் தோன்றும். ஆனால் மேலே சொன்ன காற்றுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் குறைவாக இருப்பது டீசல் அல்ல, காற்று. காற்று இல்லாத இடத்தில் டீசலைக் கூட்டுவது, புகை போக்கி அடைத்த அடுப்பில் மேலும் விறகைத் திணிப்பது போன்றது. சூடு ஏறும், பிஸ்டன், வால்வு, டர்போ எல்லாம் அதைத் தாங்க வேண்டும். பர்லியாரில் தொடங்கி இரண்டாவது கியரிலேயே ஏறும் வண்டியில் அந்தச் சூடு ஆற இடமே இல்லை. கம்பெனி சொன்ன நாசில், கம்பெனி சொன்ன அழுத்தம், சுத்தமான ஏர் ஃபில்டர், அளவான பாரம். மலை வண்டிக்கு இதைவிட மேலான மருந்து கிடையாது.

நாசில் மட்டுமா, முழு இன்ஜெக்டரா? ஒன்றா, எல்லாமா?

பழைய வகைகளில் பெரும்பாலும் நாசிலை மட்டும் மாற்றினால் போதும். ஹோல்டரும் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தால் முழு இன்ஜெக்டர் வாங்குவது வீண் செலவு. புதிய ஸ்பிரிங் போட்டால் அது சிறிது நாளில் அமுங்கும்; அதற்காகச் சொல்லப்பட்ட அளவைவிடச் சற்றுக் கூடுதலாக, சுமார் 10 கிலோ, வைத்து அமைப்பது வழக்கம். எல்லா சிலிண்டரின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் உதறும்.

எல்லா நாசிலும் ஒரே அளவு ஓடியிருந்து ஒன்று தேய்ந்து போயிருந்தால், மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். அப்போது செட்டாக மாற்றுவது லாபம். ஒவ்வொன்றுக்காகக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் போன வருடம் போட்ட புது நாசில்களில் ஒன்று மட்டும் போனால், மற்றவற்றைச் சோதித்துவிட்டு அந்த ஒன்றை மாற்றினால் போதும். ஏன் போயிற்று என்பதையும் கண்டுபிடியுங்கள். தண்ணீரோ அழுக்கோ காரணம் என்றால், புதியதும் அதே வழியில் போகும்.

காமன் ரயிலில் ஓர் இன்ஜெக்டர் விலையே நமக்கு ஒரு வார லாபத்தை விழுங்கிவிடும். ஆகவே திரும்பு குழாயில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகிறது என்று அளவுக் குப்பிகளில் பிடித்துப் பார்க்கும் சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள். எது அளவுக்கு மீறித் திருப்புகிறதோ அதை மட்டும் கவனிக்கலாம். ரீகண்டிஷன் செய்தது வாங்குவதானால், கம்பெனி அங்கீகாரம் பெற்ற இடத்தில், சோதனைச் சீட்டும் புதிய குறியீடும் சேர்த்துத் தந்தால் மட்டும் வாங்குங்கள். உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜெக்டர் எத்தனை மலிவானாலும் வேண்டாம். வாரண்டிக் காலம் முடியாத வண்டியை வெளியில் எங்கும் கழற்றவே விடாதீர்கள்.

போலிச் சரக்கு ஜாக்கிரதை

தேயிலையில் சாயம் கலந்து விற்பவர்களால் நேர்மையான வியாபாரிக்கு வரும் கெட்ட பெயரை நாம் அறிவோம். உதிரி பாகத்திலும் அதே கதைதான். பெட்டி அசல் போலவே இருக்கும். உள்ளே இருப்பது மட்டமான எஃகு. சில ஆயிரம் கிலோமீட்டரில் துளை தேய்ந்து சொட்டத் தொடங்கும்.

பெட்டியில் உள்ள எண்ணும் நாசிலில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்து ஆழமாக, ஒழுங்காக இருக்க வேண்டும். நுனிக்கு மூடி, உள்ளே பாதுகாப்பு எண்ணெய் இருக்க வேண்டும். பெட்டியில் சரிபார்ப்புக் குறி இருந்தால் செல்போனில் சோதியுங்கள். மற்றக் கடைகளைவிடப் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றால், வியாபாரிகளான நமக்கே அதன் அர்த்தம் தெரியும். வேலை முடிந்ததும் பழைய நாசிலைக் கேட்டு வாங்குங்கள். காலிப் பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். நாம் முழுதாக எறியும் பெட்டிதான் நாளைக்குப் போலிச் சரக்கின் சட்டையாகிறது.

பில் இல்லாமல் வாங்க வேண்டாம். சரக்கு வண்டியின் உதிரி பாகத்துக்கும் பழுது கூலிக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை, உங்கள் பெயரும் பதிவு எண்ணும் போட்ட பில் இருந்தால், உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்பவுண்டிங் முறையில் வரி கட்டுவோருக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் வாரண்டி கேட்க அவர்களுக்கும் பில் வேண்டும்.

பொருத்தும்போது

நல்ல நாசிலும் மோசமான கையில் கெடும். பழைய காப்பர் வாஷர் குழிக்குள் ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டு, அதே கனத்தில் புது வாஷர் ஒன்று மட்டும் போட வேண்டும். இரண்டு போட்டால் நாசில் மேலே ஏறித் தெளிப்பு இடம் மாறும். போடாமல் விட்டால் எரிவாயு கசிந்து நாசிலைச் சுடும். கிளாம்ப் நட்டை டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்க வேண்டும். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் ஊசி சிக்கிக்கொள்ளும். திறந்த பைப் முனைகளை மூடி வைக்க வேண்டும். சாக்குத் துணியால் துடைக்கக் கூடாது. டீசல் ஃபில்டரை அன்றே மாற்றிவிடுங்கள்.

அதன் பிறகு நம் பொறுப்பு. வாரம் ஒரு முறை ஃபில்டர் கிண்ணத்தின் தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த இரவில் பாதி காலியான டாங்கியில் ஈரக்காற்று நீராகப் படியும். மாலையிலேயே டீசல் நிரப்பிவிடுவது நல்லது. மண்ணெண்ணெய் கலந்த டீசலில் வழுவழுப்பு குறைந்து ஊசியும் பம்பும் தேயும். பி.எஸ். 6 வண்டியில் டீசலோடு 2டி ஆயில் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். அதன் சாம்பல் புகை வடிகட்டியை அடைக்கும். நீல மூடியிட்ட டி.இ.எஃப். திரவம் தவறி டீசல் டாங்கியில் போய்விட்டால் எஞ்சினைக் கிளப்பாமல் டாங்கியைக் காலி செய்ய வேண்டும். கிளப்பிவிட்டால் பம்பு முதல் இன்ஜெக்டர் வரை எல்லாம் போகும்.

கணக்குப் பார்ப்போம்

ஒரு வண்டி நாளைக்கு 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 250 லிட்டர். நாசில் கெட்டு 9 கிலோமீட்டராகக் குறைந்தால் சுமார் 278 லிட்டர். மாதம் 28 லிட்டர், ஆண்டுக்கு 330 லிட்டருக்கு மேல் புகையாகப் போகிறது. உங்கள் பங்கின் டீசல் விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். நல்ல நாசில் செட்டின் விலையையும், போலி நாசிலில் மிச்சம் பிடித்த தொகையையும் பக்கத்தில் எழுதுங்கள். எது மலிவு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இந்தக் கணக்கைப் போட வேண்டுமானால் டிரைவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். டீசல் போட்ட தேதி, லிட்டர், கிலோமீட்டர், ஏற்றிய பாரம், நாசில் மாற்றிய நாள், நாசில் எண் எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். கடையில் பற்று வரவு எழுதாமல் நாம் வியாபாரம் செய்வதில்லை. வண்டிக்கு மட்டும் ஏன் கணக்கில்லாமல் செலவு செய்ய வேண்டும்? அடுத்த முறை "இன்ஜெக்டர் போயிடுச்சு" என்று பட்டறையில் சொன்னால், "டெஸ்டரில் வைத்துக் காட்டுங்கள், எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.